வியாழக்கிழமைப் பள்ளிக்கூடத்தின் கோட்டுத்தாள்

கலண்டர் தாள் ஒன்றின் வெறும் பக்கத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு தேநீர்க் கோப்பைகளை வைத்த பிறகே அந்தக் கைகள் பென்சிலைத் தொட்டன. இடது கை அடிமட்டத்தை அழுத்திப் பிடித்தது. வலது கை தாளின் இரண்டு ஓரத்திலும் சென்ரிமீற்றரை அளந்து சின்னச் சின்ன அடையாளம் வைத்தது. வைத்ததை மறுபடி அளந்தது. அதற்குப் பிறகுதான் கோடு. ஒவ்வொரு கோடும் முடிந்ததும் அடிமட்டத்தின் விளிம்பைச் சட்டை நுனியால் துடைத்தது. பெருவிரலில் பழைய தீக்காயம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. விரல்கள் தடித்தவை, கோடு மட்டும் தலைமயிரைவிட மெல்லியதாக வந்தது.

எமிலியானா எதிரே நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மண்டபத்தில் நாற்பது பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கோடு கீற ஒரு மனிதருக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்தாள்.

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது."

"ஆறட்டும் தங்கச்சி. நாலு கோப்பையும் இப்ப வேலையிலை நிக்குது. எடுத்தாத் தாள் சுருண்டுபோம்."

தலையை நிமிர்த்தாமலே சொன்னார். விக்னராஜா என்பது அவர் பெயர். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரில், பொலிதேயாமா பக்கத்தில், ஓய்வுபெற்ற கிழட்டு வழக்கறிஞர் ஒருவரைக் குளிக்கவார்த்து, சவரம் செய்து, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. பலேர்மோவில் வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பிற்பகல் ஓய்வு. மதியச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அன்றைக்கு வீட்டு எசமானியான சிஞ்ஞோரா கூப்பிட மாட்டாள். அதனால் சீசாப் பகுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் வியாழன் பிற்பகலில்தான். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் பங்கு மண்டபம். மூன்று மணிக்கு மணி, ஆறு மணிக்கு மணி.

அது 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரின் முதல் வியாழன். எமிலியானா வியாழன்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். காரணம், பள்ளிக்கூடத்தின் சார்பில் அவள் செப்ரெம்பரில் கையெழுத்து வைத்த ஒரு பக்கக் கடதாசி.

அதற்கு முந்தின வருடம் கடதாசி எதுவும் இல்லை. மண்டபம் கேட்டார்கள், பங்குத்தந்தை டொன் கஸ்பாரே சாவியைக் கொடுத்தார். வருட முடிவில் எமிலியானாவைக் கூப்பிட்டார். "எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார். அவள் எண்ணிப் பார்த்ததில்லை. "நான் வியாழன்தோறும் யன்னலால் பார்த்தேன், சிஞ்ஞோரா எமிலியானா. நல்ல பலகாரம் பொரிக்கிறீர்கள். பாட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தைத்தான் காணவில்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பங்கில் நாடகம் போடும் இளைஞர்களும் அதே மண்டபத்தை அதே நாளில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அவரே அடித்தார். ஒரு வருடத்துக்கு வியாழன் பிற்பகல் தமிழர்களுக்கு. எப்படிப் படிப்பிப்பது, யார் படிப்பிப்பது என்பதில் பங்கு தலையிடாது. ஆனால் மே மாதக் கடைசி வியாழன் அவரே சோதிப்பார். நாற்பது பிள்ளைகளில் பாதிப்பேராவது எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டபம் நாடகக்காரருக்கு.

"பாதருக்குத் தமிழ் தெரியாதே. எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று எமிலியானா இத்தாலியனில் கேட்டாள்.

"அது என் பாடு," என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கணவன் டெனிஸ்டன் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல்களைக் கழுவுகிறவன். "சீமெந்துப் பக்டரியிலை ஏதோ செய்த மனுசன் ஒருத்தர் இருக்கிறார். அளக்கிறது, சோதிக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியுமாம். கூட்டிக்கொண்டு வாறன்," என்றான்.

"பிள்ளையளுக்கும் சீமெந்துக்கும் என்னப்பா?"

"எனக்கென்ன தெரியும். கேட்டுப் பாப்பம்."

விக்னராஜா பத்தொன்பது வயதில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் தூசு கூட்டுகிறவராகச் சேர்ந்தவர். பிறகு மணிக்கொரு தரம் அரைக்கும் ஆலையிலிருந்து ஒரு தகரப்பேணி சீமெந்து மாவை அள்ளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை கிடைத்தது. மூன்று வருடம் எதற்கென்று தெரியாமலே சுமந்தார். சுமந்தபடி பார்த்துக்கொண்டும் இருந்தார். சலிக்கும் அரிதட்டில் கொட்டுகிறார்கள், தட்டில் மிஞ்சியதை நிறுக்கிறார்கள், தாளில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். குப்பைக்கூடையில் போட்ட பழைய தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய், விளக்கடியில் விரித்து, புள்ளிகள் என்ன சொல்கின்றன என்று தானே கண்டுபிடித்தார். ஒரு மழைநாளில் ஆய்வுகூட உதவியாளர் வராமல்போக, இவரே அரித்து, நிறுத்து, புள்ளி வைத்தார். மேலதிகாரி மூன்று தரம் சரிபார்த்தாராம். அடுத்த நாளிலிருந்து அந்த மேசை இவருடையது. தொண்ணூறில் சண்டை வந்து ஆலை நிற்கும்வரை அங்கேயே இருந்தார்.

எமிலியானா இவ்வளவையும் சொல்லக் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளையள் ஏன் படிக்கினமில்லை எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

"எனக்குத் தெரியாது, தங்கச்சி."

அந்தப் பதில் அவளுக்குப் புதிதாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தொலைக்காட்சி என்றார்கள் சிலர். இத்தாலியன் நாக்கு என்றார்கள் சிலர். மற்றவர்கள் ஊருக்கு ஊர் பழி சொன்னார்கள்: குருநகராருக்குப் பாசையூரார் சரியில்லை, பாசையூராருக்கு வங்காலையார் சரியில்லை.

"தெரியாட்டி அளப்பம்," என்றார் விக்னராஜா.

அவர் அளந்த முறை இது. எமிலியானாவின் வீட்டு வெற்றுக் கோப்பித் தகரத்துக்குள் நாற்பது பிள்ளைகளின் பெயரையும் சீட்டெழுதிப் போட்டார். ஒவ்வொரு வியாழனும் ஐந்தரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சீட்டு எடுப்பார். அந்தப் பத்துப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மூலை மேசைக்கு வந்து, அவர் அட்டைகளில் எழுதி வைத்த பத்துச் சொல் வாசிக்க வேண்டும். மொத்தம் நூறு சொல். சரியாக வாசித்தது எத்தனையோ, அது தாளில் அன்றைய புள்ளி. பிள்ளையின் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை.

"என்ர பிள்ளையை ஒருநாளும் கூப்பிடுறியளில்லை," என்று ஒரு தாய் குறைப்பட்டாள்.

"எல்லாரையும் கூப்பிட்டா வாசிக்கிறது மட்டும்தான் நடக்கும், படிக்கிறது நடக்காது."

விக்னராஜாவின் மனைவி செல்வமலர் பக்கத்தில் நின்றாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டுறதைத்தான் இந்த மனுசன் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லுறார்," என்றாள்.

"ஒரு சோறு காணாது," என்றார் அவர் நிதானமாக. "மேலாலை கிடக்கிறது அவிஞ்சிருக்கும், அடியிலை கிடக்கிறது குழைஞ்சிருக்கும். பத்துச் சோறு வேணும். அதுவும் பாக்காமல் எடுக்கவேணும்."

"பாத்தியளே. வீட்டிலையும் இப்பிடித்தான். பத்துத் தரம் அகப்பை போட்டு முடிய, சோறு கஞ்சியாப் போகும்."

பள்ளிக்கூடத்தை நடத்தியது ஒன்பது ஊரார். இதை ஏற்பாடு செய்ததும் அவர்கள்தான், அதுவும் தங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில். ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஒன்பது நாள் நவநாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியாரின் உபயம். அதைப்போலவே இங்கேயும். முதல் வியாழன் பேசாலையார், அடுத்தது வங்காலையார், பிறகு மன்னார், குருநகர், பாசையூர், நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, முல்லைத்தீவு. ஒன்பதாவது வியாழன் மொரிசியஸ்காரருக்கு. அவர்கள் தமிழ் வழியில் வந்தவர்கள்தான், ஆனால் தமிழ் பேச வராது. பிள்ளைகளுக்காவது வரட்டும் என்று சேர்த்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. அந்தந்த ஊரார் அந்தந்த வியாழன் படிப்பித்து, பலகாரமும் கொடுத்தார்கள். பலகாரம் வாரத்துக்கு வாரம் சிறந்துகொண்டே வந்தது.

புள்ளி மட்டும் சிறக்கவில்லை. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்துமூன்று, முப்பது. பாசையூராரின் வியாழன் இருபத்தேழு விழுந்தது. அடுத்த வியாழன் நெடுந்தீவாருக்கு முப்பத்துநாலு. நெடுந்தீவு ஏர்னஸ்ற் சுவரில் மாட்டிய தாளுக்கு முன்னால் நின்று, எமிலியானாவைப் பார்த்து மீசையைத் தடவினான்.

"பாத்தியளே அக்கா, தீவானிட்டைப் படிச்சா இப்பிடித்தான். பாசையூராருக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும்."

விக்னராஜா எட்டுப் புள்ளி சேரும்வரை பொறுத்தார். பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் நெடுநேரம் கணக்குப் பார்த்து, தாளில் மேலே நாற்பதில் ஒரு கோடும் கீழே இருபத்தொன்றில் ஒரு கோடும் சிவப்பு மையால் கீறினார்.

"ஏர்னஸ்ற் தம்பி, இஞ்சை வாரும். இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவிலை புள்ளி நிக்குமட்டும் உமக்கும் பாசையூராருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உம்மட முப்பத்துநாலு உம்மட கெட்டித்தனம் இல்லை. அவையின்ர இருபத்தேழு அவையின்ர பிழையும் இல்லை. ஆலையிலை சூளைச் சூடு ஏறி இறங்கிறமாதிரி, இந்தச் சூளையும் அப்பிடித்தான் எரியுது. கோட்டுக்கு வெளியிலை ஒரு புள்ளி போனா, அப்பதான் அதுக்கெண்டு ஒரு காரணம் இருக்கும். அப்ப போய்க் கேக்கலாம்."

"அப்ப நான் சும்மாவே சந்தோசப்பட்டனான்?"

"ஓம்."

எமிலியானா அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதையே நினைத்தாள். எட்டு வாரமாக ஊரும் ஊரும் முறைத்துக்கொண்டு திரிந்தன. ஒரு சிவப்புக் கோடு அத்தனை முறைப்பையும் வெறும் ஆட்டம் என்று சொல்லிவிட்டது. யாரையும் ஏசாமல், யாரையும் புகழாமல் சொல்லியது. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒருவரிலும் பிழை இல்லையென்றால் பிழை எங்கே இருக்கிறது?

நவம்பர் கடைசியில் மொரிசியஸ்காரரின் வியாழன் வந்தது. எவ்லினும் அவள் கணவன் வீரெனும் வாழைப்பழப் பணியாரத்தோடு வந்தார்கள். எவ்லின் முகம் வெளிறியிருந்தது. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் தமிழ் படிப்பிக்க வந்தவள் அவள். எமிலியானா வழக்கம்போல வேலை முடித்து நாலு மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள்; அன்றைய புள்ளி கீழ்க்கோட்டுக்குக் கீழே விழும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கோப்பை கழுவினாள்.

ஐந்தரைக்கு விக்னராஜா பத்துச் சீட்டு எடுத்தார். பத்துப் பிள்ளைகளும் வாசித்தார்கள். அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு தாளருகே போய், மேல்கோட்டையும் தாண்டி, நாற்பத்தாறில் ஒரு புள்ளி வைத்தார்.

"அண்ணை, கைமாறி வைச்சிட்டியள்போல," என்றான் ஏர்னஸ்ற்.

"இல்லை," என்ற விக்னராஜா, எமிலியானா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, வாரும். இப்ப போய்க் கேப்பம். எனக்கு இத்தாலியன் அவ்வளவு வராது."

எவ்லின் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் கையை ஏப்ரனில் துடைத்து, "நான் ஒன்றும் படிப்பிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றாள் இத்தாலியனில்.

"என்ன செய்தாய் எண்டு கேளும்," என்றார் விக்னராஜா.

எவ்லின் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் பிள்ளைகளிடமே, போன வாரம் எதிலே நிறுத்தினீர்கள், அதை எனக்குச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டாள். அவர்கள் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். அதற்கு முந்தின வாரம் என்ன படித்தீர்கள் என்றாள். அதுவும் இதுதான் என்றார்கள். அதற்கு முந்தினது? அதுவும் இதுதான். "எட்டு வாரமும் இதுதானா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இதற்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டேன். பெரிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவர்கள் எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்தார்கள். நானும் க, கா படித்தேன்," என்றாள்.

எமிலியானா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தன் மகள் றம்யாவைக் கூப்பிட்டாள். ஒன்பது வயது.

"றம்யா, எட்டுக் கிழமையும் அ, ஆ தான் படிச்சனீங்களோ?"

"ஓம் அம்மா."

"அதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

றம்யா தரையைப் பார்த்தாள். "நாங்கள் டக்கெண்டு சொன்னா எல்லாருக்கும் நல்ல சந்தோசம். சாப்பிட ரெண்டு றோல்ஸ் தருவினம்."

நடந்தது அவ்வளவுதான். நல்ல காரியத்தை அகரத்தில் தொடங்காமல் வேறு எதில் தொடங்குவது? ஒவ்வொரு ஊராரும் தங்கள் உபயத்தைத் தாங்களே அ என்று தொடங்கினார்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு எழுத்தையும் ஒப்புவித்தார்கள். அந்த முதல் மணி நேரத்தில் வேறு பெரியவர் ஒருவரும் மண்டபத்தில் இருப்பதில்லை. எங்கள் முறையில்தான் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்தார்கள் என்று ஒவ்வொரு ஊரும் பெருமையோடு வீட்டுக்குப் போனது. முதல் வியாழன் பேசாலையார் சார்பில் கரும்பலகையில் அ எழுதியவள் எமிலியானாதான். பிள்ளைகளின் கெட்டித்தனத்தைக் கண்டு கண் கலங்கியவளும் அவள்தான்.

அவள் தாளைப் பார்த்தாள். எட்டுப் புள்ளிகள் ஒரே மட்டத்தில் நின்றன. அவை எட்டு வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. மண்டபத்துக்குள் இருந்த பெரியவர் ஒருவருக்கும் தெரியாத ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டுகளுக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணை, இது உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாது. சூளையிலை எங்கையோ ஓட்டை எண்டது மட்டும் தெரியும்." அவர் எவ்லின் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாததாலைதான் சரியான கேள்வியைக் கேட்டது. எங்களுக்கு எல்லாம் தெரியும். அதுதான் ஒருத்தரும் கேக்கேல்லை."

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒன்பது ஊராரும் கூடினார்கள். முறையை நிறுத்திவிட்டு இரண்டு ஆசிரியரை மட்டும் வைப்போம் என்று எமிலியானா சொல்ல எழுந்தாள். விக்னராஜா அவள் கையை அமர்த்தினார்.

"முறை நல்ல முறை. அதை உடைக்கவேண்டாம். எங்கட ஆலையிலையும் மூண்டு முறை. காலமை, பின்னேரம், இரவு. ஆனால் ஒரு முறைக்காரன் சூளையை அணைச்சுப்போட்டுப் போறேல்லை. அடுத்தவன் வந்து, சூளை எந்தச் சூட்டிலை நிக்குது எண்டு பாத்து, புத்தகத்திலை கையெழுத்து வைப்பான். அவன் வைக்குமட்டும் இவன் வெளியிலை போக ஏலாது."

"அப்ப பாசையூரார் விட்ட பாடத்தை நாங்கள் முடிக்கிறதோ?" என்றான் ஏர்னஸ்ற்.

"ஓம். உம்மடதை ஊர்காவற்றுறையார் முடிப்பினம்."

"எங்கட உபயத்திலை அகரம் இல்லாட்டி அது உபயமே அண்ணை?"

"உபயம் உங்கட. பாடம் பிள்ளையளின்ர."

அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார்கள். ஒரு புத்தகம் வாங்கினார்கள். அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பகுதி: ஒப்படைத்தது, பெற்றுக்கொண்டது. அடுத்த வாரத்துக்குரியவர் இந்த வார வகுப்பின் கடைசிக் கால்மணி நேரத்துக்கே வந்துவிட வேண்டும். பிள்ளைகள் அன்றைக்குப் படித்ததை அவருக்குப் படிப்பித்துக் காட்ட வேண்டும். எவ்லின் செய்த அதே வேலை. அவர் கையெழுத்து வைத்தால்தான் மண்டபம் பூட்டலாம்.

பெப்ரவரியில் ஒரு வியாழன் நெடுந்தீவார் சார்பில் பாடத்தைப் பெற்றுக்கொள்ள ஏர்னஸ்ற் வரவில்லை. ஆறு மணி ஆயிற்று. விக்னராஜா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாசையூரார் கோட் போட்டபடி வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். "நாளைக்கு வைக்கட்டும் அண்ணை," என்றாள் எமிலியானா. அவர் அசையவில்லை. டெனிஸ்டன் ஓடிப்போய், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தவனைத் துடைப்பத்தோடு கூட்டிவந்தான்.

"இது என்ன அண்ணை, சீமெந்து மூட்டையே?" என்றான் ஏர்னஸ்ற் மூச்சுவாங்க.

"சீமெந்து எண்டாப் பறவாயில்லை தம்பி. ஒரு மூட்டை கெட்டிப்பட்டா வேறை மூட்டை இருக்கு. இதுக்கு வேறை மூட்டை இல்லை."

ஏர்னஸ்ற் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்வாங்கில் உட்கார்ந்தான். பிள்ளைகள் அவனுக்கு கி, கீ சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் பிந்தவில்லை.

புள்ளிகள் ஏறத் தொடங்கின. ஐம்பது, ஐம்பத்துமூன்று, ஐம்பத்தொன்று, ஐம்பத்தெட்டு. மார்ச்சில் ஒருநாள் திடீரென்று முப்பத்தொன்பதுக்கு விழுந்தது. விக்னராஜா ஒரு பிள்ளையையும் கேட்கவில்லை. சொல் எழுதிய அட்டைகளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு அவருடைய கண்ணாடி உடைந்திருந்ததால் அட்டைகளை அயல்வீட்டுக் கிளறா எழுதிக் கொடுத்திருந்தாள். நெருக்கமான, அழகான சின்ன எழுத்து.

"பிள்ளையள் குறையேல்லை. அரிதட்டுத்தான் மாறிப்போச்சு. பிழை என்ர," என்றார். அந்தப் புள்ளியை அவர் அழிக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'அட்டை எழுத்து. வி.' என்று எழுதினார்.

அழித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எமிலியானா நினைத்தாள். நினைத்தபோதே வெட்கமாகவும் இருந்தது.

மே மாதக் கடைசி வியாழன் வந்தது. ஜூன் பிறந்தால் சிஞ்ஞோராக்கள் மொண்டெல்லோக் கடற்கரை வீடுகளுக்குப் போவார்கள்; பாதித் தாய்மாரும் பிள்ளைகளும் அவர்களோடு போய்விடுவார்கள். ஆகவே இந்த ஒரு பிற்பகல்தான். டொன் கஸ்பாரே ஒரு சிறு பெட்டியோடு வந்தார். அதற்குள் அவரே இத்தாலியனில் எழுதிய நாற்பது அட்டைகள், ஒன்றில் ஒரு வசனம்.

"எனக்குத் தமிழ் தெரியாது," என்றார். "அதனால் இப்படி. இருபது பிள்ளைகள் இந்த மண்டபத்தில். ஒவ்வொருவரும் என் வசனத்தைத் தமிழில் எழுத வேண்டும். எழுதிய தாளை மட்டும் நான் முற்றத்தைத் தாண்டிக் கோயில் பின்னறைக்குக் கொண்டுபோவேன். அங்கே மற்ற இருபது பேர். அவர்கள் தாளை வாசித்து எனக்கு இத்தாலியனில் சொல்ல வேண்டும். நான் அனுப்பிய வசனம் திரும்பி வந்தால் இது பள்ளிக்கூடம். பிறகு இடம் மாறி இன்னொரு இருபது."

எமிலியானாவைப் பின்னறையின் கதவருகே நிற்க விட்டார். வாய் திறக்கக் கூடாது. விக்னராஜா மண்டபத்துக்கு வெளியே, முற்றத்து மதிலோரம் நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

முதல் தாளை எடுத்தவன் பாசையூர்ப் பையன் றஞ்சித். எமிலியானா கையெழுத்தை அடையாளம் கண்டாள், றம்யாவினுடையது. றஞ்சித் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினான். உதடு அசைந்தது. இரண்டாம் தரமும் ஓட்டினான். பிறகு நிமிர்ந்து, நம்பாதவன்போல, இத்தாலியனில் சொன்னான்:

"என் அத்தையின் கழுதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நொண்டும்."

டொன் கஸ்பாரே கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு முறை சொல்லு," என்றார். றஞ்சித் சொன்னான். அவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

எமிலியானா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கழுதை இவ்வளவு நாளும் அந்த மனிதரின் தலைக்குள் மட்டும் இருந்த கழுதை. அவருடைய அத்தையை இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு சொல் பேசாமல், ஒரு சைகை காட்டாமல், அது பேசாலை எழுத்துக்குள் ஏறி, முற்றத்தைத் தாண்டி, பாசையூர்ப் பையனின் வாயால் நொண்டி நொண்டித் திரும்பி வந்திருக்கிறது. கடிதம் எழுதுவதும் வாசிப்பதும் அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

எல்லாத் தாளும் அப்படி வரவில்லை. சிலது பாதியில் நின்றன. சிலதை வாசிக்கவே முடியவில்லை. எவ்லினின் மகள் ஷிவானி எழுதிய தாளைப் படித்த பிள்ளை, "ஒரு கப்பலில் மூன்று கடல்கள்," என்றது. டொன் கஸ்பாரே அட்டையை எமிலியானா பக்கம் திருப்பிக் காட்டினார்: கடலில் மூன்று கப்பல்கள். "இதைப் பிழை என்றுதான் போட வேண்டும்," என்றார் வருத்தத்தோடு. "ஆனால் என்னுடையதைவிட இது நல்ல வசனம்."

ஆறு மணி தாண்டி முடிந்தது. நாற்பதில் இருபத்தேழு.

அவர் முற்றத்துக்கு வந்து அதைச் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை. ஏர்னஸ்ற் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. எவ்லின் எமிலியானாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். டொன் கஸ்பாரே ஒரு கடதாசியை நீட்டினார். அடுத்த வருடத்துக்கும் வியாழன் பிற்பகல் தமிழர்களுக்கு. திகதி முன்பே அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் இப்போதுதான் வைத்தார்.

பிறகு மண்டபத்துக்குள் போய்ச் சுவரில் இருந்த தாளின் முன் நின்றார். எமிலியானா கோடுகளையும், எட்டுப் புள்ளிகளையும், எவ்லினின் புள்ளியையும் அவருக்கு விளக்கினாள். வட்டம் போட்ட புள்ளியைத் தொட்டு, இது என்ன என்றார். சொன்னாள்.

"பிழையை அழிக்காமல் விட்டிருக்கிறாரா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சிஞ்ஞோரா எமிலியானா, சனிக்கிழமை எங்கள் மறைக்கல்வி வகுப்புக்கும் நான்கு ஆசிரியர்கள், மாறி மாறி. ஆறு வருடமாகப் பிள்ளைகள் ஆதாம் ஏவாளைத் தாண்டவில்லை. நான் பிள்ளைகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தாளை எனக்குத் தருவாரா?"

எமிலியானா கேட்டாள். விக்னராஜா தாளைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் விரித்தார். மூலைகளை ஏர்னஸ்றும் டெனிஸ்டனும் செல்வமலரும் எமிலியானாவும் விரலால் அமர்த்திப் பிடித்தார்கள். அன்றைக்குச் சீட்டு எடுக்கவில்லை. ஆகவே முப்பதாவது வகுப்புக்குரிய இடத்தில் அவர் புள்ளி வைக்கவில்லை. அங்கே 'பாதரின் சோதனை, 40க்கு 27' என்று எழுதி, கீழே திகதியும் தன் பெயரும் எழுதினார். அடிமட்டத்தை வைத்து இன்னொரு சின்னக் கோடு கீறினார். அதன் பக்கத்தில் 'பெற்றுக்கொண்டவர்' என்று எழுதி, பேனாவைப் பாதிரியாரிடம் நீட்டினார்.

"இதிலே என்ன எழுதியிருக்கிறது?" என்றார் டொன் கஸ்பாரே.

எமிலியானா சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். விக்னராஜா மை காயும்வரை பொறுத்திருந்தார். பிறகு தாளைச் சுருட்டி, நூலால் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.